பிள்ளையிடம் கேட்டறிதல்: சிறுவர் உளவியல் ஆய்வில் நேர்காணலை நடத்தும் முறை

பிள்ளைகளை நேர்காணல் செய்து ஆய்வு எழுதப் புறப்படுபவர்களுக்காக இதனை எழுதுகிறேன். கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பட்ட ஆய்வைத் தொடங்கியிருப்பவர்கள், தாழங்குடா, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிகளின் ஆசிரிய பயிலுநர்கள், பிரதேச செயலகங்களில் சிறுவர்களோடு பணியாற்றும் உத்தியோகத்தர்கள் ஆகியோரே என் மனத்தில் இருக்கும் வாசகர்கள். இவர்களிற் பலர், வளர்ந்தோருக்கென ஆக்கப்பட்ட வினாக்கொத்து ஒன்றை எடுத்து, சொற்களைச் சற்று எளிதாக்கி, எட்டு வயதுப் பிள்ளையின் முன்னால் இருந்து வாசிக்கிறார்கள். பிள்ளையும் ஒவ்வொரு கேள்விக்கும் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடுகிறது. விடை வந்துவிட்டதனால் முறையும் சரியென்று எண்ணிக்கொள்கிறோம். பிள்ளையிடமிருந்து விடை பெறுவது மிக எளிது. அந்த விடை பிள்ளையுடையதா, கேட்டவருடையதா என்று பிரித்தறிவதிலேயே இம்முறையின் கடினம் முழுவதும் இருக்கிறது.

1980ஆம் ஆண்டில் மார்ட்டின் ஹியூஸ், ரொபர்ட் கிரீவ் ஆகிய இருவரும் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் பொருளற்ற கேள்விகளை வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தார்கள். பால் பெரிதா, தண்ணீர் பெரிதா? சிவப்புப் பாரமா, மஞ்சள் பாரமா? பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தயங்காமல் ஒன்றைத் தெரிவு செய்தார்கள். பலர் அதற்குக் காரணமும் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் கேட்கிறார் என்றால் அந்தக் கேள்விக்கு ஒரு பொருள் இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையில், பிள்ளை தன்னிடமுள்ள அறிவைத் திரட்டிக் கேள்விக்குப் பொருள் கொடுக்கிறது. நம்முடைய பாடசாலைகளில் இந்த நம்பிக்கை இன்னும் வலிமையானது. டீச்சர் கேட்டால் விடை சொல்ல வேண்டும், சொல்லாதவர் படிக்காதவர். நீங்கள் கையில் ஒரு கோப்போடு வகுப்பறை வாசலில் நிற்கும் கணத்திலேயே பிள்ளைக்கு நீங்கள் டீச்சர் ஆகிவிடுகிறீர்கள். இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

எதற்கு நேர்காணல், எதற்கு வேண்டாம்

ஒரு பிள்ளை உலகத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது, ஒரு நிகழ்வுக்கு எவ்வாறு காரணம் காட்டுகிறது, நட்பு, நீதி, மரணம் போன்றவற்றைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பவற்றை அறிய நேர்காணலை விடச் சிறந்த வழி இல்லை. பிள்ளை வகுப்பில் எத்தனை முறை சண்டையிடுகிறது, எவ்வளவு நேரம் கவனம் செலுத்துகிறது என்பவற்றை அறிய வேண்டுமானால் போய் இருந்து அவதானியுங்கள், கேட்காதீர்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் நேர்காணலைத் தவிர்த்துவிடுவதே நல்லது. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் எத்தனை மணிக்கு, எந்த மாதம், எத்தனை தடவை என்ற கேள்விகளால் நம்பத்தக்க தரவு கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாகத் ‘திருவிழாவுக்கு முன்னமா, பிறகா’ என்பது போல, பிள்ளை அறிந்த நிகழ்வொன்றில் நேரத்தைக் கட்டிக் கேட்கலாம்.

இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே. 1920ஐ ஒட்டிய காலத்தில் பாரிசில், ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டிருந்த நுண்ணறிவுச் சோதனை வினாக்களைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பொருத்தும் வேலை அவருக்குத் தரப்பட்டிருந்தது. சரியான விடைகளை எண்ணுவதே அவருடைய பணி. அவருடைய கவனமோ பிழையான விடைகளின்பாற் சென்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமாகப் பிழை விடுவதைக் கண்டு, அந்தப் பிழைக்குப் பின்னாலுள்ள எண்ணத்தைத் தேடி, விடைக்கு ஏற்றவாறு அடுத்த கேள்வியை அமைத்துக்கொண்டு போகும் உரையாடல் முறையை அவர் உருவாக்கினார். உளமருத்துவர் நோயாளியோடு உரையாடும் விதத்தை ஒத்திருந்ததனால் அதற்கு மருத்துவ முறை என்று பெயர் வந்தது. சில கேள்விகளை முன்னரே வைத்துக்கொண்டு மற்றவற்றை விடைக்கேற்ப அமைப்பதை, அதாவது நாம் இன்று அரைக்கட்டமைப்பு நேர்காணல் என்று சொல்வது, பிள்ளைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

போவதற்கு முன்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, வலயக் கல்வி அலுவலகம், அதிபர், பெற்றோர் என்ற வரிசையில் அனுமதிகளைப் பெறுங்கள். இதற்கு மூன்று மாதம் வரை ஒதுக்கிவையுங்கள். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்தாலும் பிள்ளையின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். 1989இல் நிறைவேறி, 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது; பேசாதிருக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். நமது பிள்ளைகள் வாயால் ‘ஒண்ணா’ (முடியாது) என்று பெரியவரிடம் சொல்ல மாட்டார்கள். காலை ஆட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பதும், எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்று சொல்வதும், சட்டைக் கரையைத் திருகுவதும் மறுப்பாக இருக்கலாம். அவ்வாறு கண்டால் நிறுத்திவிடுங்கள். மாதிரியில் ஒன்று குறைவதனால் ஆய்வு கெட்டுப்போகாது.

வீட்டு அமைப்பை முதலே அறிந்துகொள்ளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் திருமணமான ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவதே வழக்கம். ஆகவே பிள்ளையைச் சூழ்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தாய்வழி உறவினர்கள். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால், ‘அம்மா’ என்ற சொல்லாற் பிள்ளை குறிப்பது அம்மம்மாவாகவும் இருக்கலாம். முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் ‘தாத்தா’ என்றால் மூத்த சகோதரி. தமிழ் ஆய்வாளர் ஒருவர் அதனைப் பாட்டனார் என்று விளங்கிக்கொண்டு ஒரு முழு நேர்காணலையும் பிழையாகப் பகுப்பாய்வு செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்பு, தண்டனை, பராமரிப்பு பற்றிய எந்த ஆய்விலும் முதல் ஐந்து நிமிடத்தை இதற்குச் செலவிடுங்கள்: ‘உங்கட வீட்டில ஆரார் இருக்கிற? நீங்க அவங்கள என்னெண்டு கூப்பிடுற?’ பிள்ளை சொல்லச் சொல்ல ஒரு தாளில் வட்டங்களாகப் போட்டு, பிள்ளை பயன்படுத்திய அதே சொல்லை வட்டத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பின்னர் நேர்காணல் முழுவதும் அந்தச் சொற்களையே நீங்களும் பயன்படுத்த வேண்டும்.

காலம், இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலை முடிந்ததும் டியூஷன், மாலையில் குர்ஆன் மத்ரசா, ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை என்று பிள்ளைகளின் நேரம் நிறைந்திருக்கிறது. விளையாடும் நேரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் விடைகள் சுருங்கும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் அணுகாதீர்கள். மாரி காலத்தில் தகரக் கூரையின் கீழ் ஒலிப்பதிவு செய்ய இயலாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமாகிய படுவான்கரையின் பாதைகளும் வெள்ளத்தில் தடைப்படும். அதிபரின் அறை ஒருபோதும் வேண்டாம், ஏனெனில் அங்கே அழைக்கப்படும் பிள்ளை குற்றம் செய்த பிள்ளை. மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியக்கூடிய, ஆனால் காதுக்கு எட்டாத இடம் வேண்டும்: விறாந்தையின் ஒரு கோடி, மாமர நிழல், வெறுமையாக உள்ள வகுப்பறை. நேர் எதிரே இருக்காமல் பக்கவாட்டில், பாயிலோ தாழ்ந்த வாங்கிலோ இருங்கள். ஆண் ஆய்வாளர் பெண்பிள்ளையை நேர்காணும்போது பிள்ளை அறிந்த பெண் ஒருவர் தூரத்தில் இருப்பது அவசியம்.

தமிழில் கேள்வி கேட்பது

கைநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதனால், வழிநடத்தும் கேள்வி என்றால் என்ன என்பதை ஆங்கில உதாரணங்களால் நம் மாணவர்கள் படிக்கிறார்கள்; பின்னர் தமிழில் கேட்கும்போது அதே தவறைத் தமிழுக்கே உரிய வழிகளில் செய்கிறார்கள். நான் வாசித்த ஒலிப்பதிவு எழுத்துகளில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு ‘தானே’. ‘பயமா இருந்திச்சுத்தானே?’, ‘டீச்சர் நல்லந்தானே?’ என்பன கேள்விகளே அல்ல. பிள்ளையின் கையொப்பத்தை மட்டும் எதிர்பார்க்கும் முடிந்த வாக்கியங்கள். கடைசியில் வரும் ‘என்ன?’வும் அப்படியே. நாள் முழுதும் பேசும் பேச்சில் இவை தன்னியல்பாக வருவதனால், ஒரு பயிற்சி நேர்காணலை ஒலிப்பதிவு செய்து எத்தனை ‘தானே’ விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனது முதல் ஒலிப்பதிவில் இருபத்திரண்டு இருந்தன. அவற்றுக்குக் கிடைத்த இருபத்திரண்டு ‘ஓம்’களையும் நான் தரவு என்று எண்ணி அட்டவணையில் நிரப்பியிருந்தேன். அந்த அட்டவணையைப் பின்னர் கிழித்தெறிய நேர்ந்தது.

அடுத்தது, வினா உருபாகிய ‘ஆ’ எங்கே ஒட்டுகிறது என்பது. ‘மாமா அடிச்சவரா?’ என்று கேட்டால் அடித்தல் நடந்ததா இல்லையா என்பது திறந்திருக்கிறது. ‘மாமாவா அடிச்ச?’ என்று கேட்டால் யாரோ அடித்தது முடிந்துபோன உண்மையாகிவிடுகிறது; ஆளை மட்டுமே பிள்ளை சொல்ல வேண்டும். ஓர் எழுத்து இடம் மாறியதில் ஒரு நிகழ்வு உண்டாகிவிடுகிறது. ‘ஆர் அடிச்ச?’ என்பதும் இதே வகை. ‘என்ன நடந்திச்சு?’ என்று தொடங்கி, பிள்ளையே அடித்தலைச் சொன்ன பிறகுதான் இவற்றுக்கு இடம் உண்டு.

‘ஏன்’ என்ற சொல்லைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் பிள்ளை ‘ஏன்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் கேட்பது குற்றம் சாட்டப்படும்போதுதான்: ஏன் பிந்தி வந்த, ஏன் எழுதல்ல. ஆய்வாளர் அன்போடு கேட்டாலும் பிள்ளையின் காதில் அது விசாரணையாக விழுந்து, ‘சும்மா’ என்ற விடையைக் கொண்டுவரும். ‘சும்மா’ வந்தால் கேள்வி பிழைத்தது என்று கொள்ளுங்கள். ‘அதுக்கு முன்னம் என்ன நடந்த?’, ‘அப்ப உங்கட மனசில என்ன வந்த?’ என்று கேட்டால், காரணம் கதைக்குள்ளேயே வந்துவிடும். உடலுலகம் பற்றிய கேள்விகளில், அதாவது மழை ஏன் பெய்கிறது போன்றவற்றில், ‘ஏன்’ தீங்கு செய்வதில்லை.

ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்பதும் ஒரு செய்தியைச் சொல்கிறது. பியாஜேயின் மாறாமைச் சோதனையில், இரண்டு வரிசை நாணயங்களைக் காட்டிச் சமமா என்று கேட்டு, ஒரு வரிசையைப் பரப்பிவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேட்பார்கள். 1974இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் ஆகியோர் அந்த முதற் கேள்வியை விட்டுவிட்டு, பரப்பிய பின்னர் ஒரு தரம் மட்டும் கேட்டபோது ஆறு வயதுப் பிள்ளைகள் பிழை விட்டது குறைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் மக்கரிகல், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர், ஆய்வாளரின் கைக்குப் பதிலாகக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து வரிசையைக் குழப்பியதாக அமைத்தபோது, நான்கு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளிற் பெரும்பாலானோர் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகவே சொன்னார்கள். பெரியவர் மீண்டும் கேட்கிறார் என்றால் முதல் விடை பிழை என்று பிள்ளை எண்ணுகிறது. பெரியவர் கையால் மாற்றினார் என்றால் அந்த மாற்றம் முக்கியமானது என்று எண்ணுகிறது. ஆகவே, விளங்காததனால் மீண்டும் கேட்க வேண்டியிருந்தால், ‘எனக்குச் சரியாக் கேக்கல்ல, திரும்பச் சொல்லுங்க’ என்று காரணத்தை உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் நமக்குத் தரும் ஓர் உதவியும் உண்டு. ‘தண்ணி வந்த’ என்பதும் ‘தண்ணி வந்ததாம்’ என்பதும் ஒன்றல்ல. ‘ஆம்’ ஒட்டினால் அது பிறர் சொல்லக் கேட்டது. தான் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிள்ளையே பிரித்துத் தருகிறது. மொழிபெயர்க்கும்போது இந்த ‘ஆம்’ முதலில் உதிர்ந்துபோகும்; உதிர விடாதீர்கள். ஆனால் அது இல்லாததனால் பிள்ளை கண்டது என்று முடிவுகட்டவும் கூடாது. நாவலடியிலோ மருதமுனையிலோ இன்று பத்து வயதாகும் பிள்ளை 2004ஆம் ஆண்டில் பிறக்கவே இல்லை; ஆயினும் ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் கேட்டுக் கேட்டு, கடல் எழுந்ததைத் தான் நின்று பார்த்தது போல, ‘ஆம்’ இல்லாமலே சொல்லக்கூடும். அதனைப் பொய் என்று தள்ளுவதை விட, ஒரு குடும்பத்தின் நினைவு பிள்ளையின் நினைவாக மாறிய விதத்தை அங்கே ஆராயலாம்.

மட்டக்களப்புப் பேச்சில் வினைச்சொல் பெரும்பாலும் ஆளைக் காட்டாது என்பதையும் வெளியூர் ஆய்வாளர்கள் அறிய வேண்டும். ‘அடிச்ச’, ‘போன’, ‘அழுத’ என்றால் நானா, அவனா, அவவா என்பது சூழலால் மட்டுமே தெரியும். பிள்ளை எழுவாயை விட்டுச் சொல்லும்போது, இடையே வெட்டாமல், கதை முடிந்த பின்னர், ‘அழுத எண்டு சொன்னீங்க, ஆர் அழுத?’ என்று கேட்டுத் தெளிவாக்குங்கள்.

உரையாடல் நடக்கும் விதம்

தொடக்கத்தில் மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்; முதல் இரண்டையும் சொல்வதோடு நில்லாமல், செய்து பழக்கவும் வேண்டும். முதலாவது, தெரியாது என்று சொல்லலாம். ‘நான் இண்டைக்குக் காலையில என்ன சாப்பிட்ட?’ என்று கேளுங்கள். பிள்ளை பிட்டு என்றோ இடியப்பம் என்றோ ஊகிக்கும். ‘நீங்க என்ட வீட்டுக்கு வரவே இல்லையே, இப்பிடிக் கேட்டா தெரியா எண்டு சொல்லலாம்’ என்று சொல்லி இன்னொரு கேள்வியைக் கேட்டு, ‘தெரியா’ வந்ததும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பெரியவரைத் திருத்தலாம். வயதை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுங்கள். பிள்ளை சிரித்துத் திருத்தும். மூன்றாவது, நீங்கள் அங்கே இருக்கவில்லை, ஆகவே உங்களுக்குத் தெரியாது. இதனை வாயாற் சொன்னால் போதும். பின்னர், ஆய்வோடு தொடர்பில்லாத இனிய நிகழ்வொன்றை, கோயில் திருவிழாவையோ பெருநாளையோ, காலையில் எழும்பியதிலிருந்து இரவு படுக்கும் வரை சொல்லவிடுங்கள். நீண்டு பேசலாம், குறுக்கே யாரும் வெட்ட மாட்டார்கள் என்பதைப் பிள்ளை இதிலே கற்றுக்கொள்கிறது. அதன் இயல்பான பேச்சளவையும் சொல்வளத்தையும் நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள்.

பரிசுப் பொருளைக் காட்டிக்கொண்டு தொடங்காதீர்கள். கடற்கோளுக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் நம் ஊர்களுக்கு வந்து கேள்வி கேட்டுச் சென்றவர்கள் ஏராளம். கேள்வி கேட்டால் சாமான் வரும் என்ற எதிர்பார்ப்பு இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு, துன்பத்தைக் கூட்டிச் சொல்லும் ஒரு தயார்நிலையைப் பிள்ளைக்குள் உண்டாக்கும்.

இனி, ஒரு சிறு பகுதியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். பிள்ளைகள் சூரியனும் சந்திரனும் தங்களைத் தொடர்ந்து வருவதாக எண்ணுவதைப் பியாஜே தம் நேர்காணல்களில் விரிவாக ஆராய்ந்தார். இங்கே ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருவர், இரவில் கல்லடிப் பாலத்தால் வரும்போது நிலாவும் கூட வந்ததாகச் சொன்னார். பயிலுநர் ஒருவர் நடத்திய உரையாடல் இப்படிப் போனது.

‘நிலா நடந்தா வந்த?’
‘ஓம்.’
‘அப்ப நிலாவுக்குக் கால் இருக்கா?’
‘…ஓம்.’
‘உங்களில விருப்பம் எண்டுதானே வந்த?’
‘ஓம்.’

ஆய்வேட்டில் இது, ஆறு வயதுப் பிள்ளை சந்திரனை உயிருள்ளதாகவும் காலுள்ளதாகவும் கருதுகிறது என்று எழுதப்படும். நடையும் காலும் விருப்பமும் கேட்டவரின் வாயிலிருந்து வந்தவை. பிள்ளை தந்தது மூன்று ‘ஓம்’. சில நாள் கழித்து, வேறொருவர் அதே பிள்ளையோடு இருந்து, பிள்ளை கொண்டுவந்த சொற்களை மட்டுமே எடுத்துக் கேட்டார்.

‘நிலா வந்த எண்டு சொன்னீங்க. அதப் பத்திச் சொல்லுங்க.’
‘நாங்க பாலத்தால போகக்குள்ள அதுவும் வரும்.’
‘நீங்க நிண்டா?’
‘அதுவும் நிக்கும்.’
‘அந்த நேரம் அம்மம்மா மற்றப் பக்கம் போனா?’
பிள்ளை நீண்ட நேரம் பேசவில்லை. கேட்டவரும் பேசவில்லை.
‘அம்மம்மாவோடயும் போகும்.’
‘எத்தின நிலா இருக்கு?’
‘ஒண்டுதான்.’ மீண்டும் மௌனம். ‘அது பெரிசு. அதுதான் எல்லாருக்கும் காணும்.’

எல்லோருக்கும் போதுமான பெரிய ஒரு நிலா என்பது பிள்ளையின் சொந்தச் சிந்தனை. தன் கூற்றுகள் இரண்டும் மோதுவதை உணர்ந்து, அவற்றை இணைக்கப் பிள்ளை அந்த இடத்திலேயே கண்ட வழி. அந்த இரண்டு மௌனங்களும் இல்லாவிட்டால் அது வந்திருக்காது. ஆய்வாளருக்கு மௌனம் தாங்க இயலாததாக இருக்கும்; மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பின்னர், நம்பிக்கையின் உறுதியைச் சோதிக்க, ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கலாம்: ‘ஒரு பிள்ளை நினைக்கலாம், நிலா அங்கேயே நிக்குது, நாங்கதான் போற எண்டு. நீங்க என்ன நினைக்கிற?’ உறுதியான எண்ணம் இதற்கு அசையாது. கேள்வியால் உண்டான விடை உடனே மாறிவிடும்.

விடைகளை வகைப்படுத்தப் பியாஜே தந்த ஐந்து வகை இன்றும் பயன்படுகிறது. அக்கறையின்றிச் சும்மா சொல்லிவிடும் விடை. விளையாட்டாகக் கட்டிச் சொல்லும் கதை. கேள்வி தூண்டிய விடை. கேள்வி கேட்கப்பட்ட பின்னரே தோன்றினாலும் பிள்ளை தானே சிந்தித்துக் கண்ட விடை. கேட்பதற்கு முன்னரே பிள்ளையிடம் இருந்த எண்ணம். முதல் மூன்றையும் பகுப்பாய்விலிருந்து ஒதுக்க வேண்டும். கடைசி இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது: ‘நிலா வரும்’ என்றது ஐந்தாவது வகை, ‘அது பெரிசு’ என்றது நான்காவது.

பொம்மைகளையும் படங்களையும் பயன்படுத்துவது பற்றி ஒரு சொல். ஜூடி டிலோச் 1987இல் காட்டியபடி, ஓர் அறையின் சிறு மாதிரியில் பொம்மை எங்கே ஒளிக்கப்படுகிறது என்று கண்ட மூன்று வயதுப் பிள்ளைகள், உண்மையான அறையில் அதே இடத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளால் பெரும்பாலும் இயலவில்லை. ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும் என்பதை விளங்கிக்கொள்வதே வளர்ச்சியின் ஒரு படி. ஆகவே மிகச் சிறியவர்களிடம் ‘இந்தப் பொம்மைதான் நீங்க’ என்று தொடங்குவது வீண். பெரிய பிள்ளைகளுக்கு வரைதல் நல்லது, ஏனெனில் கை வேலையில் இருக்கும்போது வாய் இலகுவாகத் திறக்கும். வரைந்ததைப் பற்றிப் பிள்ளை சொல்வதே தரவு. கறுப்பு நிறம் துயரம், பெரிய கை வன்முறை என்று நீங்கள் வாசிப்பது தரவு ஆகாது.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம், பத்து வயதுப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போதும். முடிக்கும்போது கடினமான இடத்தில் விட்டுவிட்டு எழும்பாமல், விளையாட்டைப் பற்றியோ ஆட்டுக்குட்டியைப் பற்றியோ சற்றுப் பேசி, பிள்ளை சிரிக்கும் நிலையில் அனுப்புங்கள்.

துன்பமான விடயங்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். போர், கடற்கோள், வெள்ளம், வீட்டு வன்முறை என்று நம் மாவட்டங்களில் ஆய்வுக்கு ‘நல்ல தலைப்பு’ எனக் கருதப்படுபவை பிள்ளைகளின் புண்கள். உளவளத்துணை வழங்கக்கூடிய ஒருவர் ஏற்கெனவே ஒழுங்கு செய்யப்படாவிட்டால், இந்தத் தலைப்புகளில் நேரடியாகக் கேட்க வேண்டாம் என்று என்னிடம் வரும் மாணவர்களை நான் தடுத்துவிடுகிறேன். கேட்டுத் திறந்துவிட்டு வருபவர் ஆய்வாளர். இரவில் பிள்ளையோடு விழித்திருப்பவர் அம்மம்மா.

கேளாமலே வெளிவருவதும் உண்டு. ‘ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்’ என்ற வாக்கை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். தொடக்கத்திலேயே, ‘நீங்க சொல்றத மற்றவங்களுக்குச் சொல்ல மாட்டன், ஆனா உங்களுக்கு ஆபத்து எண்டா உதவி செய்யக்கூடியவங்களுக்குச் சொல்லுவன்’ என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். விவரம் தேடித் துருவாதீர்கள். அந்தக் கணத்தில் அது ஆய்வு நேர்காணல் என்ற நிலையைக் கடந்துவிட்டது. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ, நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும்.

துருவாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1995இல் மிஷேல் லைக்ட்மன், ஸ்டீபன் செசி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் ஒருவர் முன்பள்ளிக்கு வந்து இரண்டு நிமிடம் அளவில் நின்றுவிட்டுப் போனார், எதனையும் உடைக்கவில்லை. அவர் வரும் முன்னரே அவர் கவனக்குறைவானவர் என்று சில பிள்ளைகளுக்குக் கதைகள் சொல்லப்பட்டன. வந்து போன பின்னர், பத்து வார காலத்தில், அவர் புத்தகத்தைக் கிழித்ததாகவும் பொம்மையை அழுக்காக்கியதாகவும் உட்பொதிந்த கேள்விகள் கேட்கப்பட்டன. கடைசியில், மூன்று நான்கு வயதினரிற் பெரும்பாலானோர் அவர் அவற்றைச் செய்ததாகச் சொன்னார்கள். சிலர் கண்ணாற் கண்டதாகவும் சொன்னார்கள். அவ்வாறான கதையும் கேள்வியும் இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் உண்மையையே சொன்னார்கள். நீங்கள் அவசரத்தில் கேட்கும் ஒரு கேள்வி, பின்னர் நீதிமன்றத்தில் பிள்ளையின் உண்மையான சொல்லையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

எழுத்தாக்குதல்

ஒலிப்பதிவை நீங்களே எழுத்தாக்குங்கள், கூலிக்குக் கொடுக்காதீர்கள். பதினைந்து நிமிடப் பதிவுக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் செல்கிறது. பிள்ளை பேசிய பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். செந்தமிழாக்கினால் பிள்ளை மறைந்துவிடும். மௌனங்களை விநாடிக் கணக்கோடு குறியுங்கள். ‘ஒரு மாதிரி இருந்திச்சு’, ‘நெஞ்சு படபட எண்ட’, ‘வயித்துக்குள்ள என்னமோ செய்த’ என்று பிள்ளை சொன்னதைப் பதகளிப்பு, மனச்சோர்வு என்ற கலைச்சொற்களாக அந்தக் கட்டத்தில் மாற்றிவிடாதீர்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் தமிழ் மூலத்தை அருகில் வையுங்கள்.

வகைப்படுத்தலில், எந்த விடையை எந்த வகையில் நீங்கள் இட்டீர்கள் என்பதை அறியாத ஒருவரிடம் பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கையாவது கொடுத்து, தனியாக வகைப்படுத்தச் செய்து ஒப்பிடுங்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணிக்க, 1960இல் ஜேகப் கோஹன் தந்த கப்பா அளவு போதும். முரண்பட்ட இடங்களை இருவரும் இருந்து பேசும்போதே, உங்கள் கேள்விகளில் எவை விடையைத் தூண்டின என்பது வெளிச்சமாகும்.

ஆய்வேட்டில் பிள்ளையின் கூற்றை எடுத்துக்காட்டும் ஒவ்வோர் இடத்திலும், அதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள். பிள்ளையின் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சிறிய கிராமத்தில், ‘மண்டூரில் ஐந்தாம் ஆண்டு படிக்கும், தகப்பன் கடலில் இறந்த பிள்ளை’ என்றால் பெயர் சொன்னதற்குச் சமம். ஊரை எழுவான்கரை (வாவியின் கிழக்குப் பக்கம்), படுவான்கரை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடிந்ததும் பாடசாலைக்குத் திரும்பிப் போய், பிள்ளைகள் சொன்னவற்றிலிருந்து நீங்கள் என்ன அறிந்தீர்கள் என்பதை, எந்தப் பிள்ளையையும் சுட்டாமல், அவர்களுக்கு விளங்கும் மொழியில் பத்து நிமிடம் சொல்லுங்கள். அவர்கள் ஆண்டு ஏறி வேறு பாடசாலைக்குப் போகும் முன்னர் இதனைச் செய்துவிட வேண்டும். பிழையாக விளங்கிக்கொண்டதை அங்கே அவர்கள் திருத்துவார்கள். தாளையும் பேனையையும் அன்றும் கொண்டுபோங்கள்.